உடம்புச் சூடு என்று சொன்னேன்

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் என் மனைவி. எழுத்துப் பிழையைத் திருத்துவாள். பிடிக்காத இடத்தில் பென்சிலால் கோடு இழுத்து, 'இதெல்லாம் எதுக்கு?' என்று ஓரத்தில் எழுதி வைப்பாள். இதை அவளிடம் கொடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. எழுதி முடித்துவிட்டுப் பார்ப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருஷங்கள் நான் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். நாள் முழுக்கக் கத்திக்கொண்டே திரிகிற வேலை அது. ரூமுக்குள் போகிறவர்கள் உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார்களா, ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்களா, மேடையில் காய்கிற பட்டாசுச் சரக்கை வெயில் உச்சிக்கு ஏறுமுன் அள்ளினார்களா என்று பார்க்க வேண்டும். எனக்கு வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. தகட்டைத் தொடாமல் போனால் பெரியவர், சின்னவர் என்று பார்க்க மாட்டேன், வைதுவிடுவேன். 'போர்மேன் அண்ணன் வந்துட்டாரு' என்று யாராவது சொன்னாலே பேச்சு நின்றுவிடும். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

ஒரு வருஷம் கோடையில் எங்கள் கம்பெனியில் ஒரு ரூம் தீப்பிடித்தது. மதியச் சாப்பாட்டு நேரம், உள்ளே யாரும் இல்லை. கூரை போயிற்று, சுவர் கரியாயிற்று, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் சிராய்ப்புகூட இல்லை. எல்லோரும் சாமிக்கு நேர்ந்துகொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

எனக்குத்தான் அதற்குப் பிறகு சரியாக இல்லை. எங்காவது தூக்குவாளி மூடி கீழே விழுந்தால் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடும். காலையில் கம்பெனி கேட்டைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்க்கும். விசிலை வாயில் வைத்தால் கை ஆடும். கூடப்பிறந்தவனைத் தீயில் பறிகொடுத்துவிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வருகிறவர்கள் இருக்கும் ஊர் இது. ஆளில்லாத ரூம் எரிந்ததைப் பார்த்துவிட்டு எனக்குக் கை நடுங்குகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

மதுரைக்குப் போய் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். விருதுநகரிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் அங்கே பெஞ்சில் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருந்தால் என் கதி என்ன? டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இதற்குப் பெயர் பதற்ற நோய், நிறையப் பேருக்கு வருவதுதான் என்று சொல்லி, காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாகச் சாப்பிட மாத்திரை எழுதினார். 'வேற மாத்திரை, நாட்டு வைத்தியம்னு எது எடுத்தாலும் எங்கிட்ட சொல்லணும்' என்றார். சரி என்று தலையாட்டினேன்.

வீட்டில் அல்சர் என்று சொல்லிவிட்டேன். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழைய பல்பொடி டப்பாவில் போட்டுக்கொண்டேன். பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்று தெரிந்தால் முதலாளி என்னை ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டார். தெருவில் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். காதும் காதும் வைத்தாற்போல் இரண்டு மாதம் சாப்பிட்டேன். ஒரு தொந்தரவும் இல்லை. நடுக்கம் பாதி குறைந்திருந்தது.

ஆவணி பிறந்து சீசன் சூடு பிடித்தது. தீபாவளி ஆர்டர் குவிந்ததால் பதற்றம் மறுபடி தலைதூக்கியது. ஒருநாள் மேடைப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தபோது அங்கே சரக்குக் காயவைக்கிற பெண் என்னைப் பார்த்துவிட்டாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அப்பாவும் காலமான பிறகு அவர் கட்டிய வீட்டில் ஒண்டியாக இருந்தாள். மேடை வேலையில் அவளை நான் வைய வேண்டி வந்ததே இல்லை.

"என்னண்ணே, இப்படி வேத்துக் கொட்டுது? கையெல்லாம் ஆடுதே" என்றாள்.

"உடம்புச் சூடு" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

"எங்க வீட்டுப் பொறவாசல்ல பம்பளிமாஸ் நிக்கிதுண்ணே. திங்க ஆளில்லாம விழுந்து அழுகுது. நாளைக்குச் சாறு பிழிஞ்சு கொண்டாறேன். அம்புட்டுச் சூடும் எறங்கிரும்."

எங்கள் கரிசல் பக்கத்தில் அந்த மரம் அபூர்வம். அவள் அப்பா செங்கோட்டைப் பக்கம் வேலைக்குப் போயிருந்தபோது கன்று கொண்டுவந்து, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டாராம். ஒரு பழம் ஒரு பிள்ளைத் தலை அளவு இருக்கும். தடித்த தோலை உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புச் சுளை. மறுநாள் பதினோரு மணிக்கு ஒரு சின்னத் தூக்குவாளியில் சாறு கொண்டுவந்தாள். புளிப்பும் இனிப்புமாக, கடைசியில் நாக்கில் லேசான கசப்பு. ஒரே மூச்சில் குடித்தேன்.

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிச் சாறு. மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். "எங்களுக்குந்தான்க்கா உடம்பு சூடாக் கெடக்கு, போர்மேனுக்கு மட்டுந்தான் கவனிப்பா?" என்று ஒருத்தி கேட்பாள். "ஒங்க சூட்டுக்கு மோரு போதும், போய்க் குடிங்கடி" என்று இவள் சிரித்துக்கொண்டே விரட்டுவாள்.

முதல் நாலைந்து நாள் எனக்குச் சொர்க்கம். மூடி விழுந்தது, திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். நெஞ்சு அடிக்கவே இல்லை. யாரையும் வையக்கூடத் தோன்றவில்லை. "அண்ணே, ஒடம்புக்குச் சொகமில்லையா? இன்னைக்கு ஒருத்தரையும் வையவே இல்லையே" என்று ஒருத்தி கேட்டாள். பம்பளிமாஸ் நல்ல பழம்தான் என்று நினைத்துக்கொண்டேன். சாறும் மாத்திரையும் வயிற்றுக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பழத்தை மருந்துக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

ஒரு வாரம் தாண்டியதும் மண்டை கனக்க ஆரம்பித்தது. திரும்பினால் தலை சுற்றும். நாக்கு தடித்துப் பேச்சு இழுக்கும். வயிறு புரட்டும். சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டி வந்தது. சீசன் அலைச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. பதினோரு மணிச் சாற்றைக் குடித்துவிட்டு மேடைக்குப் பக்கத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சரக்கை அள்ளச் சொல்லி விசில் அடிக்க வேண்டியவன் நான். விசில் கழுத்தில் தொங்கியது. நான் தூங்கிப்போனேன்.

முகத்தில் தண்ணீர் பட்டதும்தான் விழித்தேன். அவள் குனிந்து நின்றாள். பின்னால் மேடை காலியாக இருந்தது.

"சரக்கு அம்புட்டையும் அள்ளி உள்ள வச்சாச்சுண்ணே. ரெண்டு பேரக் கூப்பிட்டுக்கிட்டேன். எந்திரிங்க, மொதலாளி வண்டி கம்பெனி கேட்டுக்கிட்ட வந்துருச்சு."

எழுந்து விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி வந்தார், காலி மேடையைப் பார்த்தார், போனார். அவள் அவரிடம் மூச்சுவிடவில்லை. அன்றைக்கு அவள் என் வேலையைக் காப்பாற்றினாள். அந்த வெயிலில் அந்தச் சரக்கு இன்னும் அரை மணி நேரம் கிடந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். கேடுகெட்ட புத்தி, அது வேறு வழியில் போயிற்று. நான் தூங்குவேன் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? இவள் ஏன் என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாந்தி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி பயந்துபோய் முதுகைத் தடவினாள்.

"புதுசா என்னத்தத் தின்னீக?"

அந்த இடத்தில் நான் பல்பொடி டப்பாவை எடுத்துக் காட்டியிருந்தால் இந்தக் கதை அத்தோடு முடிந்திருக்கும். நான் என் மனசுக்குள் கணக்குப் போட்டேன். மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, ஒன்றும் செய்யவில்லை. புதிதாக வந்தது சாறுதான்.

"கம்பெனில ஒரு பொம்பள பம்பளிமாஸ் சாறு கொடுக்கும்" என்றேன்.

"யாரு?"

சொன்னேன். மனைவி முகம் இறுகியது. "அவ வீட்டுச் சாத்தையா வாங்கிக் குடிச்சீக?" என்றாள். அவள் இருந்த தெருவில், சாதி பார்த்து, எங்கள் தெருக்காரர்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அதற்கே நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஏதோ குற்றம் செய்தவன் மாதிரி. பிறகு மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஒத்தையில கெடக்கிறவ. ஒங்களுக்கு எதையோ வச்சிட்டா."

எங்கள் பக்கத்தில் அதை இடுமருந்து என்பார்கள். ஒருத்தரைத் தன் பக்கம் இழுப்பதற்காகச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலந்து கொடுப்பது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்பார்கள். அதை உறிஞ்சி எடுக்கிறவர்களும் உண்டு. நான் நாலு புத்தகம் படித்தவன். இதையெல்லாம் டீக்கடையில் கேலி பேசுகிறவன். இடுமருந்தை நம்பினேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நான் நம்பவில்லை. ஆனால் அது வசதியாக இருந்தது. அதைச் சொன்னால் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சாத்தூர்ச் சாலையில் ஒரு ஊரில் இருந்த, அப்படி எடுக்கிற ஒரு கிழவரிடம் மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். போன உடனே முழு விவரத்தையும் அவளே அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் என் வயிற்றில் வெற்றிலையை வைத்து, அதன்மேல் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, தட்டில் இருந்த தண்ணீரில் துப்பினார். கறுப்பாக, மயிர் சுற்றிய மாதிரி ஏதோ ஒன்று மிதந்தது. "ஒரு பொம்பள சாத்துல கலந்து கொடுத்திருக்கா" என்றார். மனைவி அழுதுவிட்டாள்.

மறுநாளிலிருந்து சாற்றை நிறுத்தினேன். வேண்டாம் என்றபோது அவள், "சூடு கொறஞ்சிருச்சாண்ணே? சரி, தேவைன்னா சொல்லுங்க" என்றாள். மூன்று நாளில் தலைச்சுற்றல் போயிற்று. நாக்கு சரியாயிற்று. "பாத்தீகளா?" என்றாள் மனைவி. பார்த்தேன். அதற்குப் பிறகு நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

மனைவி பக்கத்து வீட்டில் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேலி பேசிக்கொண்டு, சாறு கொடுத்தவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள் தூக்குவாளியைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அவள் மொண்டு வைத்த குடத்தில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டார். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள்.

"என்னய்யா, ஊரெல்லாம் ஒரு பேச்சு வருது. நெசமா?" என்று என்னைக் கேட்டார்.

"சாறு குடிச்சபெறகுதான் மொதலாளி எனக்கு அப்படி ஆச்சு. நிப்பாட்டுனதும் சரியாயிருச்சு" என்றேன்.

இன்றுவரை அந்த வாக்கியத்தில் ஒரு பொய்கூட எனக்கு அகப்படவில்லை. அவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்லியிருக்கிறேன், பாவி.

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நான் அதுல உப்புக்கூடப் போடலையேண்ணே" என்றாள். மேடைப் பக்கம் நான் தூங்கியதை அப்போது அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளி, "எதுக்கு வம்பு, நீ நாளையிலருந்து வர வேணாம்மா" என்றார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாரணாபுரம் பக்கமும் விஸ்வநத்தம் பக்கமும் மற்றக் கம்பெனிகளில் வேலை கேட்டுப் பார்த்திருக்கிறாள். பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

புரட்டாசி நடுவில் எனக்கு மாத்திரை தீர்ந்தது. மதுரைக்குப் போனேன். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். இப்போது பரவாயில்லை, போன மாதம்தான் இரண்டு வாரம் தலைசுற்றல், தூக்கம், வாந்தி என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கிட்டீங்களா?"

"இல்லைங்க."

"புதுசா வேற எதாவது சாப்பிட்டீங்களா?"

"மாத்திரை எதுவும் இல்லைங்க. ஒரு பழச்சாறுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன பழம்?"

சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நாம் சாப்பிடுகிற மாத்திரையில் பெரும் பகுதியை உடம்பு, குடலிலும் ஈரலிலும் வைத்துச் சிதைத்துவிடும். மிச்சம்தான் ரத்தத்துக்குப் போகும். அதையும் கணக்குப் பண்ணித்தான் டாக்டர் அளவு எழுதுகிறார். பம்பளிமாஸ் மாதிரி சில பழங்களின் சாறு அந்தச் சிதைக்கிற வேலையைத் தடுத்துவிடும். ஒரு மாத்திரை போட்டாலும் ரத்தத்தில் பல மாத்திரை போட்ட மாதிரி ஏறிவிடும். பதற்றத்துக்கான எல்லா மாத்திரைக்கும் இப்படி ஆகாது, எல்லாப் பழத்துக்கும் ஆகாது. நான் சாப்பிட்ட மாத்திரைக்கு நன்றாகவே ஆகும். மாத்திரையைக் காலையிலும் சாற்றைப் பதினோரு மணிக்கும் தனித்தனியாகச் சாப்பிட்டாலும் தப்பிக்க முடியாது, சாற்றின் வேலை ஒருநாளுக்குமேல் உடம்பில் நிற்கும்.

"நானும் பழத்தைப் பத்திச் சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டர்.

"டாக்டர், சாத்துல வேற எதையாவது கலந்திருந்தாத்தான இப்படி ஆகும்?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

"எதுக்குக் கலக்கணும்? பழமே போதும்" என்றார்.

சிவகாசியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று குரல் கொடுத்தேன். "வாங்கண்ணே" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. உட்காரச் சொன்னாள். பின்வாசல் கதவு திறந்திருந்தது. குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுப்பட்ட ஓர் அடிமரம் மட்டும் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். பதற்றம், மதுரை டாக்டர், மாத்திரை, பல்பொடி டப்பா, டாக்டர் சொன்னது எல்லாம். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"இத எதுக்குண்ணே எங்கிட்டச் சொல்லுறீக? நான் ஒண்ணும் வைக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவுககிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"ஆயுத பூசைக்குக் கம்பெனி கேட்டுக்கிட்ட எல்லாரும் கூடுவாக. அங்கன வச்சுச் சொல்லுங்கண்ணே. வேல வேண்டாம். பேரு போதும்."

கட்டாயம் சொல்கிறேன் என்று அவள் வீட்டு நிலைப்படியைத் தொட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜை அன்று கேட்டுக்கு வாழைமரம் கட்டியிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள், முதலாளியும் நின்றார். வழக்கம்போல் போர்மேன் நாலு வார்த்தை பேச வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம், புளியமரத்தடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள்.

வாயைத் திறந்தேன். 'பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டேன்' என்ற ஒரு வார்த்தைதான் முதலில் வர வேண்டும். அது வந்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடும். முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எல்லாரும் தகட்டத் தொட்டுட்டு ரூமுக்குள்ள போங்க. தீபாவளி வரைக்கும் ஒரு அசம்பாவிதம் ஆகக்கூடாது" என்றேன். கைதட்டினார்கள். பொரிகடலை கொடுத்தார்கள். நான் மறுபடி நிமிர்ந்தபோது புளியமரத்தடியில் யாரும் இல்லை. அந்த மாதக் கடைசியில் அவள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் மனைவியும் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். கையில் பையோடு அவள் எதிரே வந்தாள். இளைத்திருந்தாள். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது எல்லாவற்றையும் கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

என்னைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள். நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்பது அந்தச் சட்டைக் கையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும்.

"நல்லாருக்கீகளாண்ணே?" என்றாள். "ஒடம்புச் சூடு எப்படி இருக்கு?"

"கொறஞ்சிருக்கு" என்றேன்.

"ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மனைவியைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

"செய்யிறதையும் செஞ்சுட்டு, சிரிக்கிறதப் பாத்தீகளா?" என்றாள் மனைவி.

"ஆமா" என்றேன் நான்.

இத்தனை வருஷத்தில் நான் பேசிய பேச்சிலேயே என்னால் தாங்க முடியாதது அந்த ஒரு வார்த்தைதான். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

எழுதி முடித்துவிட்டேன். மனைவி கடைக்குப் போயிருக்கிறாள். தாள்களை அடுக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மேலே பல்பொடி டப்பாவையும் அவளுடைய பென்சிலையும் வைத்திருக்கிறேன்.